நீல ஒளி வடிகட்டி போட்டும் தூக்கம் வரவில்லை

ஒரு வாசகரின் கேள்வி, ஜூன் 2

கைப்பேசியில் நீல ஒளி வடிகட்டியைப் போட்டு மூன்று மாதம் ஆகிறது. திரை மஞ்சளாகிவிட்டது, தூக்கம் மட்டும் திரும்பவில்லை. பதினொரு மணிக்குப் படுத்தால் ஒரு மணிக்கு மேல்தான் கண் அசருகிறது. காலையில் தலை பாரமாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நீல ஒளிதான் காரணம் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்களே, பிறகு ஏன் இப்படி?

ஜூன் 2, இரவு 9.15

வடிகட்டி பலன் தராததில் எனக்கு வியப்பில்லை. 2021-இல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 முதல் 24 வயது வரையுள்ள 167 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவினர் வடிகட்டியோடு கைப்பேசி பார்த்தார்கள், இன்னொரு பிரிவினர் வடிகட்டி இல்லாமல் பார்த்தார்கள், மூன்றாம் பிரிவினர் படுக்கும் முன் கைப்பேசியைத் தொடவே இல்லை. வடிகட்டி போட்டவர்களும் போடாதவர்களும் ஒரே மாதிரிதான் தூங்கினார்கள். வழக்கமாக ஏழு மணி நேரம் தூங்குகிறவர்களில் மட்டும், கைப்பேசியைத் தொடாதவர்களின் தூக்கம் சற்று நன்றாக இருந்தது.

ஒன்று கேட்கிறேன். பதினொரு மணிக்குப் படுக்கிறீர்களே, அப்போது கைப்பேசி எங்கே இருக்கிறது?

ஜூன் 2, இரவு 9.50

"அப்படியானால் நீல ஒளி என்பதே கட்டுக்கதையா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கட்டுக்கதை இல்லை. நம் விழித்திரையில் உருவங்களைப் பார்க்கும் அணுக்கள் தவிர, வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் உணரும் நரம்பணுக்கள் கொஞ்சம் உண்டு. அவை தாமாகவே ஒளியை உணர்கின்றன என்பதை 2002-இல் அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் டேவிட் பெர்சனின் குழுவினர் காட்டினார்கள். அவற்றில் உள்ள மெலனாப்சின் என்ற நிறமி 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளிக்குத்தான் மிகுதியாகத் தூண்டப்படும். அங்கிருந்து செய்தி மூளையின் அடிப்பகுதியில், ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த ஒரு சிறு முடிச்சுக்குப் போகிறது. உடலின் கடிகாரம் அதுதான். வெளிச்சம் இருக்கிறது என்று தெரிந்தால் அது பினியல் சுரப்பியை அடக்கிவைக்கிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் என்ற இயக்குநீர் அதிலிருந்து சுரக்காமல் நின்றுவிடுகிறது.

ஆகவே அறிவியல் சரி. உங்கள் இரண்டு மணி நேரத்தை விழுங்குவது அதுதானா என்பதே என் ஐயம்.

ஜூன் 3, காலை 6.40

ஒரு திருத்தம். மெலடோனின் தூக்கத்தைக் கொண்டுவருகிறது என்று நேற்று எழுதியது தவறு. படுத்த பிறகு நினைவுக்கு வந்தது. எழுந்து திருத்தப் போனால் என்ன ஆகும் என்று தெரிந்ததால் காலைவரை பொறுத்தேன்.

மெலடோனின் மயக்க மருந்து போன்றது அல்ல. இரவு தொடங்கிவிட்டது என்று உடலுக்குச் சொல்வதோடு அதன் வேலை முடிகிறது. இரவில் இரை தேடி ஓடும் எலிக்கும் இரவில்தான் மெலடோனின் சுரக்கிறது. அதற்காக அது சுருண்டு படுத்துவிடுவதில்லை. கண்ணை இழுத்து மூடும் அழுத்தம் வேறு வழியில் வருகிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. காபி செய்வதெல்லாம் அந்த அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்வதுதான். கடிகாரமும் இந்த அழுத்தமும் சேர்ந்துதான் தூக்கத்தைத் தீர்மானிக்கின்றன என்று 1982-இல் தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பேலி சொன்னார். இன்றும் அந்தச் சட்டகத்தை வைத்துத்தான் பேசுகிறார்கள்.

ஜூன் 3, இரவு 8.30

நீல ஒளிக் கட்டுரைகள் பெரும்பாலும் ஓர் ஆய்வையே மேற்கோள் காட்டுகின்றன. 2014-இன் கடைசியில் வெளிவந்தது. அதைச் சற்று நிதானமாகப் படித்தால் நிலைமை தெரியும். பங்கேற்றவர்கள் 12 பேர். ஐந்து மாலைகள் ஒளிரும் திரையிலும் ஐந்து மாலைகள் அச்சுப் புத்தகத்திலும் படித்தார்கள். படுக்கும் முன் நான்கு மணி நேரம், மங்கலான அறையில், திரையின் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்துக்கொண்டு. மெலடோனின் பாதிக்கு மேல் குறைந்தது, மறுநாள் உடல் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. இதெல்லாம் உண்மை. ஆனால் தூக்கம் வரக் கூடுதலாக ஆன நேரம்? ஏறக்குறைய 10 நிமிடம்.

பத்து நிமிடம்தான்! நீங்கள் இழப்பது இரண்டு மணி நேரம்.

பகலில் எவ்வளவு வெளிச்சம் பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். மேகமூட்டமான நாளில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். வீட்டுக்குள் விளக்குப் போட்டால் சில நூறுதான். 2016-இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில், பகலில் பல மணி நேரம் நல்ல வெளிச்சத்தில் இருக்கவைத்துவிட்டு மாலையில் திரையில் படிக்கச் சொன்னார்கள். திரைக்கும் புத்தகத்துக்கும் தூக்கத்தில் வேறுபாடே தெரியவில்லை. வடிகட்டிக்கு அலைவதைவிடக் காலையில் அரைமணி நேரம் வெளியே நடப்பது மேல் என்று நான் நினைப்பது இதனால்தான்.

ஜூன் 5, இரவு 9.05

கேள்வி கேட்டவர் பதில் சொல்லியிருக்கிறார்: "தலையணைக்குப் பக்கத்தில்தான். அலாரம் அதில்தானே வைக்கிறேன்?"

நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன், ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளாக. அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை ஒருநாள் கூர்ந்து கவனித்தேன். அலாரம் வைக்கத்தான் எடுக்கிறேன். அலாரம் வைத்து முடிக்க ஆறு விநாடி ஆகிறது. கட்டைவிரல் அங்கிருந்து தானாகவே நகர்ந்து செய்திக்குப் போகிறது, செய்தியிலிருந்து வீடியோவுக்கு. இடது தோள் மரத்துப்போகிறது, திரும்பிப் படுக்கிறேன், கைப்பேசியும் கூடவே திரும்புகிறது. கண் எரிகிறது, இமைக்கிறேன், தொடர்கிறேன். ஒரு கட்டத்தில் கண் மூடிவிட்டது. ஆனால் விரல் இன்னும் கண்ணாடியின் மேல் மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தது. விரல் அசைகிற உணர்வில்தான் மறுபடி விழித்தேன். உறங்கிப்போகிற கணத்தில் என்னை எழுப்பியது என் கையேதான்.

உடம்பு தூங்கத் தயாராக இருந்தது. மெலடோனின் குறைவெல்லாம் அங்கே தடையாக இருக்கவில்லை. நிறுத்துவதற்கு ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான். புத்தகத்தில் அத்தியாயம் முடியும், நாளிதழில் கடைசிப் பக்கம் வரும். முடிவில்லாமல் கீழே உருண்டுகொண்டே போகும் பக்கத்தை 2006-இல் வடிவமைத்த ஆசா ராஸ்கினே பிற்பாடு அதற்காக வருந்திப் பேசியிருக்கிறார்.

தூக்கத்தைத் தடுக்கக் காரணம் எதுவும் இல்லாமலேயே படுக்கும் நேரத்தைத் தள்ளிப்போடும் இந்தப் பழக்கத்துக்கு 2014-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு பெயரே வைத்தார்கள்: உறக்க ஒத்திவைப்பு. பகல் முழுவதும் பிறருக்காக உழைத்தவர் இரவிலாவது தனக்கென்று ஒரு மணி நேரம் வேண்டும் என்று பிடித்துவைத்துக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஏக்கம் நியாயமானது. அதற்காகக் கொடுக்கும் விலைதான் அதிகம்.

ஜூன் 6, காலை 7.10

நேற்று எழுதியதைப் படித்ததும் பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. தூக்கத்தோடு நேரடியாகத் தொடர்பில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். யாராவது பயந்துபோய் இருக்கலாம்.

இருட்டில் ஒருக்களித்துப் படுத்து நெடுநேரம் கைப்பேசி பார்த்தேன். தண்ணீர் குடிக்க எழுந்தால் வலது கண் தெரியவில்லை. மூடித் திறந்தேன். இடது கண்ணில் கதவின் விளிம்பு, சுவர், நாற்காலியின் நிழல் எல்லாம் தெரிகின்றன. வலது கண்ணில் ஒரே கரும்பரப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கவாதமோ என்று கைகால்களை அசைத்துப் பார்த்தேன். சில நிமிடங்களில் மெதுவாகத் தெளிந்தது.

மருத்துவரிடம் போனேன். கண்ணில் குறை ஒன்றுமில்லை என்றார். இடது கண் தலையணையில் புதைந்து இருளுக்குப் பழகியிருக்கிறது, வலது கண் திரை வெளிச்சத்துக்குப் பழகியிருக்கிறது. எழுந்ததும் இருட்டில் வலது கண்ணுக்கு மட்டும் எதுவும் பிடிபடவில்லை. இதே போல நேர்ந்த இரண்டு பெண்களைப் பற்றி 2016-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். தீங்கில்லாதது. ஆனால் கைப்பேசியே பார்க்காமல் ஒரு கண் மங்கினால், அல்லது தெளியத் தாமதமானால், இதை நினைத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஜூன் 8, இரவு 8.45

"படுக்கும் முன் ஒரு மணி நேரம் திரை கூடாது" என்ற அறிவுரையைப் பற்றி ஓர் அம்மா கேட்டிருக்கிறார். அவர் பிள்ளைகள் ஒத்துக்கொள்வதில்லையாம். எனக்கும் இதில் கருத்து மாறியிருக்கிறது.

2024-இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 11 முதல் 14 வயது வரையுள்ள 79 பிள்ளைகளைக் கவனித்தார்கள். "எவ்வளவு நேரம் பார்த்தாய்?" என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது, அதனால் உடலில் ஒரு கேமராவை மாட்டி, படுக்கையறையிலும் அகச்சிவப்பு கேமரா வைத்தார்கள். படுக்கைக்குப் போகும் முந்தைய இரண்டு மணி நேரத்தில் திரை பார்த்தது தூக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. படுக்கையில் ஏறிய பிறகு பார்த்ததுதான் பாதித்தது. விளையாட்டு, அரட்டை போன்றவற்றில் கூடுதலாகப் போன ஒவ்வொரு 10 நிமிடத்துக்கும் ஏறக்குறைய 9 நிமிடத் தூக்கம் குறைந்தது. போன நேரம் அப்படியே தூக்கத்திலிருந்து கழிகிறது என்று பொருள்.

2025-இல் நார்வேயில் ஏறக்குறைய 45,000 மாணவர்களிடம் கேட்டுப் பார்த்ததிலும் இதே சாயல்தான். படுத்த பின் திரையில் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 24 நிமிடத் தூக்கம் குறைவு, தூக்கமின்மை அறிகுறிகளுக்கான வாய்ப்பு 59 சதவீதம் அதிகம். சமூக ஊடகமா, படமா, படிப்பா என்பதில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் இது ஒரே நேரத்தில் எடுத்த கணக்கு. தூக்கம் வராததால் கைப்பேசியை எடுத்தார்களா, எடுத்ததால் தூக்கம் போனதா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இந்தக் கேள்வியை நினைவில் வைத்திருங்கள். நானே அதில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே அந்த அம்மாவுக்கு என் பதில்: கூடத்தில் பார்க்கட்டும், கூடத்திலேயே வைத்துவிட்டு வரட்டும். ஒரு மணி நேரச் சண்டையைக் காட்டிலும் வாசற்படியில் ஒரு எல்லை போடுவது எளிது. பெரியவர்களின் கைப்பேசியும் அதே இடத்தில் கிடந்தால் இன்னும் எளிது.

ஜூன் 9, பிற்பகல் 1.20

கதிர்வீச்சு பற்றிக் கேட்டவருக்கு: 2011-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலைகளை 2பி வகையில் சேர்த்தது. புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும், சான்று போதவில்லை என்பதே அந்த வகைக்குப் பொருள். அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள் என்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வெப்பம் வெளியேற வழியில்லாமல் மின்கலம் சூடேறும். அது கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து.

ஜூன் 14, காலை 6.30

கேள்வி கேட்டவரும் நானும் சேர்ந்து ஒரு வாரம் முயன்றோம்: கைப்பேசி படுக்கையறைக்கு வெளியே. எனக்கு எப்படி இருந்தது என்று மறைக்காமல் எழுதுகிறேன்.

முதல் மூன்று இரவுகள் முன்பைவிட மோசம். கை வெற்றிடத்தைத் துழாவியது. அதுகூடப் பரவாயில்லை. விளக்கை அணைத்ததும் வந்து உட்கார்ந்த நினைவுகளைத்தான் தாங்க முடியவில்லை. செலுத்த வேண்டிய தவணை, அலுவலகத்தில் சொல்லாமல் விட்ட ஒரு பதில், அம்மாவின் முழங்கால். ஒன்பது ஆண்டுகளாக இவற்றையெல்லாம் கைப்பேசி திரைபோட்டு மறைத்து வைத்திருக்கிறது. தூக்கம் வராததால் எடுத்தேனா, எடுத்ததால் தூக்கம் போனதா என்று ஜூன் 8-இல் கேட்டேன் அல்லவா? என் வரையில் இரண்டும்தான்.

இதற்கு ஒரு பழைய வழி உண்டு. 1972-இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் சொன்னது. படுக்கையைத் தூக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள். ஏறக்குறைய இருபது நிமிடத்தில் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு அறைக்குப் போ, மங்கலான வெளிச்சத்தில் சலிப்பான ஏதாவது செய், கண் சொருகினால் மட்டும் திரும்பி வா. காலையில் ஒரே நேரத்தில் எழு. படுக்கையில் விழித்துக் கிடந்து கிடந்து, படுக்கை என்றாலே விழிப்பு என்று உடம்பு கற்றுக்கொண்டுவிடுகிறது. கற்றதை மறக்கவைக்க வேண்டும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் கொடுக்க வேண்டியது என்று 2016-இல் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைத்த உளவியல் சிகிச்சையில் இதுவும் ஒரு பகுதி.

நான்காம் இரவு எழுந்து போய், ஒரு தாளில் அந்தத் தவணைத் தேதியை எழுதி வைத்துவிட்டு வந்தேன். ஐந்தாம் இரவு எழவில்லை.

ஜூன் 15, இரவு 9.00

"கைப்பேசியைத் தூங்க வைத்துவிட்டுத்தான் நான் தூங்குவேன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வாய்விட்டுச் சிரித்தேன். குழந்தைக்குச் சொல்வது போலவே இருக்கிறது, அதுவும் பொருத்தம்தான்.

தூக்கத்தை அளக்கும் கடிகாரம் வாங்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம் என்பது என் எண்ணம். எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று ஓரளவு சொல்லும். ஆழ்ந்த தூக்கம் எவ்வளவு என்பதில் தடுமாறும். காலையில் நல்ல தெம்போடு எழுந்தவர், எண்ணைப் பார்த்ததும் சோர்ந்துபோவதை நேரில் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணைத் துரத்தியே தூக்கம் கெட்டவர்களைப் பற்றி 2017-இல் மருத்துவ இதழிலேயே கட்டுரை வந்திருக்கிறது.

ஜூன் 22, இரவு 8.20

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். அவருக்குப் பன்னிரண்டு மணிக்குள் தூக்கம் வருகிறதாம். ஆனால் வேறு இருவர், "வயதான பெற்றோர் வேறு ஊரில் இருக்கிறார்கள், கைப்பேசியை எப்படித் தள்ளி வைப்பது?" என்று கேட்டிருக்கிறார்கள். இதற்கு உடனே பதில் சொல்லாமல் ஒரு வாரம் தள்ளினேன். காரணம் உண்டு.

கைப்பேசி என் தலைமாட்டுக்கு வந்ததே ஓர் இரவின் பிறகுதான். அதற்கு முன் ஒலியை அடக்கிவிட்டுக் கூடத்தில் போட்டுவிடுவேன். அன்று இரவு 2.20-க்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி. அம்மா ஆறு முறை அழைத்திருக்கிறார். காலை ஐந்தரைக்குத்தான் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மருத்துவமனையில் சேர்த்திருந்தார். அப்பா பிழைத்துக்கொண்டார், அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள் இருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் அந்த ஆறு தவறிய அழைப்புகளின் சிவப்பு வரிசையை என்னால் மறக்க முடியவில்லை. பொழுதுபோக்குக்காகவே கைப்பேசியைப் பக்கத்தில் வைத்திருந்தேன் என்று ஜூன் 5-இல் எழுதியது போல ஆகிவிட்டது. அது பாதி உண்மை. அழைப்பு வரும் என்று காத்துக்கொண்டுதான் படுத்தேன். காத்திருக்கும் கை சும்மா இருக்கவில்லை.

காத்திருக்கிறவன் தூங்கினாலும் காதை மூடுவதில்லை. ஒரு சிறு அதிர்வுக்கும் விழிப்பு வரும், காலையில் விழித்த நினைவுகூட இருக்காது.

இப்போது செய்திருப்பது இது. "தொந்தரவு செய்ய வேண்டாம்" என்ற அமைப்பில் அம்மா, தங்கை, அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர் ஆகிய மூவரின் எண்களுக்கு மட்டும் விலக்கு. ஒரே எண்ணிலிருந்து சில நிமிடங்களுக்குள் இரண்டாம் முறை அழைத்தால் ஒலிக்கும் வசதியும் அதில் உண்டு, அதையும் போட்டிருக்கிறேன். ஒலியை உச்சத்தில் வைத்து, கைப்பேசியை அறைக்கு வெளியே ஒரு முக்காலியின் மேல் வைக்கிறேன். கதவு திறந்தே இருக்கும். செய்தியும் அறிவிப்பும் ஒலிக்காது. முதல் நாளே அம்மாவை இரவு பத்தரைக்கு அழைக்கச் சொல்லிப் படுக்கையில் படுத்தபடி சோதித்தேன். தலைமாட்டில் அதிர்வதைவிட அங்கிருந்து ஒலிப்பது தெளிவாகக் கேட்டது. பெற்றோரை நினைத்துக் கவலைப்படுகிறவர்கள் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்து பாருங்கள். அதைச் செய்யாமல் மனம் நம்பாது.

ஜூன் 29, காலை 7.00

நடுவில் இரண்டு இரவு வழுக்கிவிட்டேன். கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கக் கைப்பேசியோடு படுத்தேன், தூங்க இரவு ஒன்றரை மணி ஆகிவிட்டது. மூன்றாம் நாள் முக்காலிக்குத் திரும்பிவிட்டேன்.

எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம் என்று கேட்டவருக்கு: 2020-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் 38 பேர். அவர்களில் ஒரு பாதியினர் நான்கு வாரம், படுக்கும் முன் அரைமணி நேரம் கைப்பேசியைத் தொடவில்லை. தூக்கம் 12 நிமிடம் முன்னதாக வந்தது, 18 நிமிடம் கூடியது. கேட்பதற்குச் சிறிதாக இருக்கும். வாரத்துக்குக் கணக்கிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று 2015-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் சேர்ந்து சொன்னதை வைத்துப் பார்த்தால், ஆறரையில் தட்டுப்படுகிறவருக்கு அந்த 18 நிமிடம் சிறிதல்ல.

மூன்று மாதத்துக்கு மேல், வாரத்தில் மூன்று இரவுகளாவது தூக்கம் வராமல் பகலில் தடுமாறுகிறவர்கள், உரத்த குறட்டையோடு மூச்சு அடைத்து விழிக்கிறவர்கள் முக்காலியை நம்பி இருக்க வேண்டாம். அதற்கு மருத்துவர் வேண்டும்.

ஜூலை 6, காலை 6.15

நள்ளிரவில் விழித்தால் மணி பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்காதீர்கள். "இன்னும் மூன்று மணி நேரம்தான்" என்ற கணக்குத் தொடங்கிவிட்டால் தூக்கம் ஓடிவிடும். நான் அலாரத்துக்கென்று ஒரு மணிக்கூடு வைத்து, அதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன்.

நேற்று இரவு முக்காலியில் கைப்பேசி ஒலித்தது. இரண்டாம் மணியிலேயே எழுந்து ஓடினேன். அம்மா. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை, நான் போன வாரம் வந்தபோது எடுத்து வைத்தேனா என்று கேட்டார். அலமாரியின் இரண்டாம் தட்டு என்றேன். தேடி எடுக்கும்வரை தொடர்பிலேயே இருந்தேன். கிடைத்ததும் "நீ போய்த் தூங்கு" என்று வைத்துவிட்டார். கைப்பேசியை முக்காலியிலேயே வைத்துவிட்டு வந்து படுத்தேன். அப்போது மணி என்ன என்று தெரியவில்லை.